பாயிண்ட்டை விடாத திருடன்

அத்தியாயம் 5

திருடர்களில் பல ரகத்தை லிமிட் பார்த்திருக்கிறான். பில் பணத்தைக் கெடு தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே கட்டிவிடுகிற திருடனை இப்போதுதான் பார்க்கிறான்.

“மேடம், இவன் திருடனே இல்ல. பொண்ணு குடுக்கலாம் இவனுக்கு. மூணு வருஷம், முப்பத்தாறு பில்லு. ஒன்னுகூட லேட் இல்ல. நான் என் சொந்தக் கார்டுக்கே இவ்வளவு ஒழுக்கமா கட்டினதில்ல.”

“நீ ஒழுக்கமா இருந்த விஷயம் ஏதாவது இருந்தா சொல்லு, கேட்டுக்கறேன்,” என்றார் மேனேஜரம்மா, தலையை நிமிர்த்தாமல்.

லிமிட் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஏழு வருஷம் போனில் கிரெடிட் கார்டு விற்றவன் அவன். “மேடம், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா லிமிட் வந்திருக்கு” என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் அளந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜரம்மா இருபத்தாறு வருஷம் பேங்கில் குப்பை கொட்டிவிட்டு, தன் மேலதிகாரியின் திருட்டையே கண்டுபிடித்த பாவத்துக்காக வெளியே வந்தவர். இப்போது பணம் சம்பந்தப்பட்ட திருட்டுகளை மட்டும் துப்பறிகிறார். அவருக்கு இவன் உதவியாளன். வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் வேலைக்கு ஆகிறான் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

மேஜைக்கு எதிரே லேப் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் தம்பி குடும்பமும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒன்பது வருஷம் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுச் சேர்த்த பணத்தில், ஒற்றை அறையும் ஒரு ஹாலும் உள்ள சின்ன ஃபிளாட் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். மீதிக்கு வீட்டுக் கடன். எல்லாம் கூடி வந்த நேரத்தில் பேங்க் கையை விரித்துவிட்டது. அவள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறதாம். இரண்டு மாதமாக நாலு லட்சத்து எண்பதாயிரம் கட்டவில்லையாம். அந்தக் கார்டை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இன்று சாயங்காலம் நாலு மணிதான் கெடு. அதற்குள் இது மோசடி என்று போலீஸ் புகாரின் நகலை லோன் ஆபீசில் கொடுத்தால் கடன் கிடைக்கும். இல்லையென்றால் ஃபிளாட் வேறு ஆளுக்கு. அட்வான்ஸ் பணம் ஃபிளாட்காரருக்கு. புகாரில் சும்மா ‘யாரோ’ என்று எழுதினால் பேங்க் ஒத்துக்கொள்ளாது. கார்டு வீட்டு விலாசத்துக்கு வந்து, வீட்டில் உள்ள ஆளே கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பதால், எந்த ஆள் என்று பெயர் வேண்டும்.

“கையெழுத்து வெறும் கோழிக்கிறுக்கல். கார்டுக்குக் குடுத்த போன் நம்பர் உங்க வீட்ல யாருக்கும் தெரியாத நம்பர்,” என்றார் மேனேஜரம்மா. “உங்க பேப்பரெல்லாம் வீட்ல எங்க இருக்கும்?”

“ஹால் பீரோல. எல்லாருக்கும் சாவி இருக்கற இடம் தெரியும்.”

“ஆளை நேர்ல பாக்காமலேயே கார்டு குடுத்திருவாங்களா?”

மேனேஜரம்மாவின் இந்தக் கேள்வி லிமிட்டைப் பார்த்து வந்தது. அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். “போன்ல கேப்போம் மேடம். ‘அவங்க பக்கத்துல இருக்காங்களா’ன்னு. ‘இருக்கா’ன்னு சொன்னா டிக் பண்ணிடுவோம். மாசக் கடைசின்னா கேக்காமலேயே டிக் பண்ணுவோம்.” லேப் அக்காவின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. எத்தனை பேர் தலையில் இப்படி மண்ணை அள்ளிப் போட்டோமோ என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜரம்மா கடைசி ஸ்டேட்மென்ட்டை விரலால் தட்டினார். மூன்று வருஷமும் மாதம் இருபது, இருபத்தைந்தாயிரம் செலவு. பள்ளிக்கூட ஃபீஸ், காருக்கு பெட்ரோல், பேட்டரி, டயர். இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஒரே நாளில் நாலரை லட்சத்துக்குத் தங்க நாணயம். அதன் பிறகு ஒரு பைசா கட்டவில்லை.

“கார் யாருது?”

“தம்பிது.”

“அவர் என்ன பண்றார்?”

“ஷேர் மார்க்கெட்.” அவள் சொன்ன தினுசிலேயே லாப நஷ்டம் தெரிந்துவிட்டது. “ஆனா மேடம், அவன் சோம்பேறி. ஏமாத்தற அளவுக்கெல்லாம் சுறுசுறுப்பு கிடையாது. எனக்கு அவன் பொண்டாட்டி மேலதான் சந்தேகம்.”

“அவங்க?”

“பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பத்து நாளாச்சு.”

மேனேஜரம்மா ஸ்டேட்மென்ட்டின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். கார்டில் செலவழித்தால் சேருகிற ரிவார்டு பாயிண்ட் கணக்கு. “போன வருஷம் பன்னெண்டாயிரம் பாயிண்ட்டைக் குடுத்து ஒரு பொருள் வாங்கியிருக்காங்க. என்னன்னு பாரு.”

“முட்டி வலிக்கு வைக்கிற கரண்ட் ஒத்தடப் பை,” என்று படித்தான் லிமிட். “ஹெட்போன் இருக்கு, பெட்ரோல் கூப்பன் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு ஒத்தடப் பை. தம்பிதான் மேடம். அம்மாவுக்கு வாங்கிக் குடுத்திருக்கான். திருடனா இருந்தாலும் தாய்ப்பாசம் விட்டுப் போகல.”

“பொருளை விடு. பாயிண்ட் காலாவதி ஆகறதுக்கு முந்தின நாள் வாங்கியிருக்காங்க. போலி நம்பர், கோழிக்கிறுக்கல் கையெழுத்துன்னு இவ்வளவு ஜாக்கிரதையா மறைஞ்சுக்கிட்ட ஆளு, ஒரு பாயிண்ட்டு வீணாப் போறதை மட்டும் பொறுக்கல.” மேனேஜரம்மா எழுந்து கைப்பையை எடுத்தார். “இன்னும் ஒன்பதாயிரத்து இருநூறு பாயிண்ட் மிச்சம் இருக்கு. அந்த ஆளோட நோய் இதுதான். வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

*

லேப் அக்கா கீழே காரிலேயே இருந்துகொண்டாள். அவள் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருப்பதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அம்மா. அறுபத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருஷம் கேஷியராக இருந்தவர் என்று லேப் அக்கா சொல்லியிருந்தாள். சோபாவில் தம்பி படுத்த வாக்கில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜரம்மா சுற்றி வளைக்கவில்லை. “உங்க பொண்ணு பேர்ல யாரோ கார்டு வாங்கியிருக்காங்க. அதை விசாரிக்க உங்க பொண்ணுதான் எங்களை அனுப்பினாங்க.”

“ஐயோ பாவம் என் பொண்ணு. நாலு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல,” என்றார் அம்மா. கண் நிஜமாகவே கலங்கியது. “எவன் குடியைக் கெடுத்தானோ. எனக்கு இந்தக் கார்டு எழவெல்லாம் ஒன்னும் புரியாதும்மா.”

“அக்கா ஆஸ்பத்திரில எங்கயாவது ஜெராக்ஸ் குடுத்திருப்பா,” என்றான் தம்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவளுக்கு எல்லாரையும் நம்பற வியாதி.”

தங்கம், டயர், ஃபீஸ் எதைப் பற்றியும் மேனேஜரம்மா வாயைத் திறக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். எழுந்து கிளம்பும்போது, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஒன்னும் கண்டுபிடிக்க முடியலம்மா. இன்னிக்குப் பகல் பன்னெண்டு மணிக்குக் கார்டையே மூடிடறாங்களாம். பாவம், அதுல ஒன்பதாயிரத்து இருநூறு பாயிண்ட் இருக்கு. அதுவும் சேந்து அவுட்டு.”

“பாயிண்ட்டுன்னா என்னம்மா அது?” என்று கேட்டார் அம்மா.

“கடைக்காரன் குடுக்கற இலவசம் மாதிரி. பொருளா வாங்கிக்கலாம். இனிமே யாருக்கும் பிரயோஜனமில்ல.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று முப்பத்தெட்டு.

வாசலுக்கு வந்ததும் மேனேஜரம்மா லிமிட்டின் காலை லேசாக மிதித்தார். தம்பியை வெளியே கிளப்பு என்று அர்த்தம். அதற்கு லிமிட் பெரிதாக மெனக்கெடவில்லை. “சார், ஷேர் மார்க்கெட்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். என்கிட்ட கொஞ்சம் பணம் சும்மா கெடக்கு. எதுல போடலாம்?” என்று கேட்டான். தம்பி சோபாவைவிட்டு எழுந்தே வந்துவிட்டான்.

தெருமுனை டீக்கடையில் தம்பி பாடம் எடுத்தான். எந்த ஷேர் ஏறும், எது விழும், ஏன் தன்னுடையது மட்டும் விழுந்தது என்று விலாவாரியாகச் சொன்னான். அவன் போன் டீ கிளாசுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. லிமிட் தலையை ஆட்டியபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்படியும் எடுப்பான். ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஒதுங்குவான். பாயிண்ட்டைக் காலி பண்ணுவான். கார்டு ஆபீசர் போனில் தயாராகக் காத்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

பதினொன்று நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. தம்பி இரண்டாவது டீ சொன்னான்.

நாற்பத்தொன்பதுக்கு லிமிட்டின் போன் அதிர்ந்தது. மேனேஜரம்மா அனுப்பியிருந்தார். ‘பாயிண்ட் போயிடுச்சு. வா.’

லிமிட் நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் இரண்டு கையும் டீ கிளாசைச் சுற்றி இருந்தன. போன் வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. வீட்டில் இப்போது இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

லிமிட் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தான்.

*

காரில் மேனேஜரம்மாவின் பக்கத்தில் லேப் அக்கா தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். கார்டு ஆபீசரின் குரல் மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க மேடம். அதே நம்பர்லேர்ந்துதான். பதினொன்னு நாப்பத்தஞ்சுக்கு. கார் சீட் கவர் செட்டு, கருப்புக் கலர். டெலிவரி உங்க வீட்டு விலாசம்.”

“நன்றி,” என்றாள் லேப் அக்கா. அது சொல்லவேண்டிய வார்த்தை என்பதால் சொன்னாள். பிறகு கட்டைவிரலால் போனை அணைத்தாள். 

“அம்மாவுக்குப் போன்ல வர்ற ஓடிபி நம்பர்னா என்னன்னே தெரியாது மேடம். நான்தான் சொல்லிக்குடுப்பேன். ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன்டின்னு சொல்லும்.” தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் தேவைப்பட்டது. பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

டீக்கடையிலிருந்து லிமிட்டின் பின்னாலேயே வந்த தம்பி, “அக்கா, நீ எப்படி இங்க?” என்று கேட்டான். அவள் லிஃப்டை நோக்கி நடந்தாள்.

மேலே போனதும் மேனேஜரம்மா அந்தத் தெரியாத நம்பருக்குப் போன் போட்டார். அம்மாவின் அறையில், தையல் மெஷின் டிராயருக்குள் ஒரு போன் விர்ரென்று அதிர்ந்தது. லிமிட் போய் எடுத்து வந்து ஹால் மேஜையில் வைத்தான். டிராயரில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய முப்பத்தாறு பில்லும், பிரிக்காத தங்க நாணய டப்பாக்களும் இருந்தன. ஒவ்வொரு பில்லின் மேலும் கேஷியர் கையெழுத்தில் ‘கட்டியாச்சு’ என்று தேதியோடு எழுதியிருந்தது. வேலையைவிட்டு வந்து பத்து வருஷமாகியும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை.

அம்மா அழவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சற்று முன் கலங்கிய கண் இப்போது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கேஷியரின் கண்ணாக மாறியிருந்தது.

“இது என்ன பெரிய கொலைக்குத்தமா? மாசாமாசம் ஒழுங்காக் கட்டிட்டுத்தானே வந்தேன்?”

“யார் காசுலம்மா கட்டின?” என்று கேட்டாள் லேப் அக்கா.

“வீட்டுச் செலவுக்கு நீ குடுக்கற காசுலதான். வேற எவன் குடுக்கறான்?”

லிமிட்டுக்குக் கூட்டிப் பார்க்க ஒரு நொடி ஆனது. இவளுக்குத் தெரியாமல் இவள் பெயரில் கடன் வாங்கி, தம்பி காருக்கு டயர் மாட்டி, அந்தக் கடனை இவள் சம்பளத்திலேயே மூன்று வருஷமாகக் கட்டியிருக்கிறார்கள். வேலைக்காரிக்குக்கூட யாரும் இப்படிப் பண்ண மாட்டார்கள்.

“எனக்கு எதுவும் தெரியாதுக்கா,” என்றான் தம்பி. “ஃபிக்சட் டெபாசிட் வட்டின்னுதான் அம்மா சொல்லிச்சு.”

“கேட்டியா நீ? ஒரு தடவையாவது எவ்வளவு டெபாசிட், எவ்வளவு வட்டின்னு கேட்டியா?”

அவன் கேட்டதில்லை.

மேனேஜரம்மா அம்மாவின் அறையைக் காட்டினார். “தங்கம் அந்த டிராயர்லயே இருக்கு. ஒரு நாணயம்கூட விக்கல. அப்போ பில்லு கட்ட முடியாம நிக்கல. மூணு வருஷம் மூணு நாள் முந்தியே கட்டின ஆளு, வேணும்னேதான் கட்டாம விட்டிருக்கீங்க. ஏன்?”



லேப் அக்காதான் மெதுவாகச் சொன்னாள். “அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். எந்த பேங்க்ல கடன் கேட்டிருக்கேன், அவங்க எதெல்லாம் பாப்பாங்கன்னு எல்லாத்தையும் சொன்னேன். பழைய பாக்கி ஏதாவது இருந்தா தர மாட்டாங்கம்மான்னு நானேதான் சொன்னேன்.” அவள் அம்மாவை நேராகப் பார்த்தாள். “அடுத்த நாள் போய்த் தங்கம் வாங்கியிருக்க.”

“ஆமா, வாங்கினேன்,” என்றார் அம்மா. “பின்ன என்ன பண்ணச் சொல்ற? நீ பாட்டுக்குத் தனியாப் போயிடுவ. உன் சம்பளம் உன் லோனுக்குப் போயிடும். இந்த வீடு எப்படி ஓடும்? இவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. உனக்கு எதுக்குடி வீடு? உனக்கப்புறம் அதுல யாரு இருக்கப்போறா?”

லிமிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியதே அவனுக்கு அவமானமாக இருந்தது.

“நான் இருப்பேம்மா,” என்றாள் லேப் அக்கா. “உனக்கும் சேத்துதான் கட்டில் வாங்கலாம்னு இருந்தேன்.”

அம்மா மகன் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

மேனேஜரம்மா கைப்பையிலிருந்து புகார்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாம் எழுதி, பெயர் இடம் மட்டும் காலியாக இருந்தது. “இது உங்க இஷ்டம். நான் எதுவும் சொல்ல மாட்டேன். தங்கத்தை வித்து இன்னிக்கே கடனைக் கட்டலாம். ஆனா பேங்க் பாக்கற கிரெடிட் ஸ்கோர் மறுபடி ஏற மாசக்கணக்காகும். ஃபிளாட்டு போயிடும். இதைக் குடுத்தா ஃபிளாட்டு கிடைக்கும். உங்க அம்மா ஸ்டேஷனுக்குப் போய்ப் பதில் சொல்லணும்.”

“எழுத மாட்டா,” என்றார் அம்மா. மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். “பெத்தவளுக்குத் தெரியாதா? அவளுக்கு அவ்வளவு கல் மனசு கிடையாது.”

அப்போதுதான் லிமிட்டுக்கு முழுக் கணக்கும் புரிந்தது. அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்த அம்மா முதலிலேயே யோசித்து வைத்திருக்கிறார். மகளின் நல்ல மனசை ஜாமீனாக வைத்துத்தான் இத்தனையும் செய்திருக்கிறார்.

லேப் அக்காவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். ரத்தம் எடுத்த டியூபில் நோயாளியின் பெயரை ஒட்டுகிற நிதானத்தோடு, அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதினாள். வயது என்ற இடத்தில் அறுபத்தெட்டு என்று யாரையும் கேட்காமல் போட்டாள். புகார்தாரருக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. பிறகு அதையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

“அக்கா, யோசிச்சுச் செய்யிக்கா,” என்றான் தம்பி. “போலீசுன்னா நாளைக்கு என் பேருமில்ல கெடும்?”

அவள் தாளை மடித்து மேனேஜரம்மாவிடம் கொடுத்தாள். “மணி என்ன மேடம்?”

“ஒன்னு.”

“ஸ்டேஷனுக்குப் போயிட்டு நாலு மணிக்குள்ள லோன் ஆபீசுக்குப் போயிடலாம்ல?”

“போயிடலாம்.”

வாசல்வரை அம்மா வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. மகளின் கையைப் பிடிக்கப் போகிறார், காலில்கூட விழுந்துவிடுவார் என்று லிமிட் எதிர்பார்த்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்போ இந்த மாசம் வீட்டுச் செலவுக்கு?” என்று கேட்டார்.

“உன் பிள்ளை இருக்கான்ல,” என்றாள் லேப் அக்கா.

லிஃப்ட் கதவு மூடியது. கீழே வந்து கதவு திறந்ததும் அவள் வெளியே வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே அழுதாள். மேனேஜரம்மா அவள் தோளில் கையை வைத்தார். கதவு மூடிவிடாமல் லிமிட் காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

“‘போகாதடி’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும் மேடம்,” என்றாள் அவள். “அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்.”